கணினிக்கும் வேண்டும் ஒரு மறுபிரதி

எங்கள் கொக்கிளாய் மக்கள் 1984இல் ஊரைவிட்டு வெளியேறி, போர் முடிந்த பின்னரே திரும்பினர். காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் தொலைந்த வீடுகளில், வேறோர் இடத்தில் மறுபிரதி இருந்தவர்களுக்கே அலைச்சல் குறைந்தது. கணினிக்கும் இதுதான் முதற்பாடம்.

கணினியில் காக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நமது கோப்புகள். மற்றது, விண்டோஸ் போன்ற பணிசெயல் முறைமை. படங்களையும் ஒப்படைகளையும் பென் டிரைவில் பிரதி செய்தால் கோப்புகள் தப்பும். ஆனால் வன்தட்டு பழுதடைந்தால் விண்டோஸ், மென்பொருட்கள், தமிழ் எழுத்துருக்கள் அனைத்தையும் மீண்டும் நிறுவ வேண்டும். பரீட்சைக் காலத்தில் அது பெரிய இழப்பு. புதிதாகக் கற்போருக்கு மூன்று எளிய வழிகளைச் சொல்கிறேன்.

1. ரெஸ்டோர் பொயின்ட்: புதிய மென்பொருள் நிறுவுமுன் இதை உருவாக்குங்கள். கோளாறு வந்தால் முறைமையின் அமைப்புகளை முந்திய நிலைக்குக் கொண்டுவரலாம். இது அதே வன்தட்டில் இருப்பதால், தட்டுப் பழுதடைந்தால் உதவாது.

2. ரிகவரி டிரைவ்: தேடல் பெட்டியில் இப்பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, குறைந்தது 16 ஜிபி பென் டிரைவில் உருவாக்கலாம். விண்டோஸ் திறக்க மறுக்கும்போது இதிலிருந்து கணினியை இயக்கலாம். அந்த பென் டிரைவில் ஏற்கனவே இருப்பவை அழிந்துவிடும், வெறுமையானதையே எடுங்கள்.

3. சிஸ்டம் இமேஜ்: விண்டோஸ், மென்பொருட்கள், கோப்புகள் எல்லாவற்றையும் அப்படியே எடுக்கும் முழுப் பிரதி. கொன்ட்ரோல் பெனலில் 'பெக்கப் அன்ட் ரெஸ்டோர் (விண்டோஸ் 7)' பகுதியில் இவ்வசதி உண்டு. 'விண்டோஸ் 7' என்றிருந்தாலும் விண்டோஸ் 10இலும் இயங்கும். இதை வெளி வன்தட்டிலேயே சேமியுங்கள்.

பிரதி எடுத்ததும் வெளி வன்தட்டைக் கழற்றி வேறாக வையுங்கள். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் சேவை கப்பம் கோரும் நச்சுநிரலால் தாக்கப்பட்டது. இணைப்பில் இருந்த காப்புப் பிரதியும் பாதிக்கப்பட்டதால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை. அரசுக்கே நேர்ந்தது நமக்கும் நேரலாம்.

பெற்றோர்களே, பிள்ளைக்குக் கணினி வாங்கும்போதே ஒரு வெளி வன்தட்டையும் செலவுக் கணக்கில் சேருங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

மாணவிகளே, மாதம் ஒருமுறை பிரதி எடுத்துத் திகதியை வன்தட்டின் மேல் எழுதி ஒட்டுங்கள். ரிகவரி டிரைவிலிருந்து கணினி இயங்குகிறதா என்று ஒருமுறை பரிசோதியுங்கள். பரிசோதிக்காத பிரதியை நம்பி இருக்க முடியாது.