இல்லறம் பற்றி இளையோர் வினவுவன

பதினாறு, பதினேழு வயது மாணாக்கர் இல்வாழ்க்கை பற்றி வினவத் தலைப்பட்டால், அவர்தம் நோக்கம் உடலின்பம் ஒன்றே எனக் கருதிப் பேச்சை மாற்றிவிடும் பெரியோர் பலர். பெயர் குறிக்காத சீட்டுகளில் வினாக்களை எழுதுவித்து வாங்கிப் பார்க்கும் ஆசிரியர் அங்ஙனம் கருதார். பருவமாற்றம் பற்றிய வினாக்களும் அவற்றுள் உள. அவற்றுக்குச் சுகாதாரப் பாடநூல் ஓரளவு விடை பகரும். எஞ்சியவை வேறு வகையின. அப்பாவும் அம்மாவும் சண்டையிடும்போது நான் யார் பக்கம் நிற்பது? அக்காவுக்குச் சீதனம் எழுதியபின் எனக்கு என்ன மிஞ்சும்? விரும்பிய பெண் மறுத்தால் மீண்டும் கேட்கலாமா?

கடைசி வினாவுக்கு விடை எளிது. மறுப்பு மறுப்பே. திரைப்பட நாயகன் பின்தொடர்ந்து பின்தொடர்ந்து வெல்வது கதாசிரியரின் தயவினால். தெருவில் அதற்குத் தொல்லை என்றே பெயர்.

முதல் வினா கனதியானது. திருக்குறளின் அறத்துப்பாலை மனனஞ் செய்விக்கும் நாம் காமத்துப்பாலின் 25 அதிகாரங்களைத் தொடாமலே கடந்துவிடுகிறோம். புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்னும் மூன்று அதிகாரங்களோடு வள்ளுவர் தம் நூலை முடித்தமை எத்தனை மாணாக்கருக்குத் தெரியும்? ஊடலை அவர் உணவின் உப்புக்கு ஒப்பிட்டார். அளவு மீறலாகாது என்பதும் அவர் கருத்து. அன்புடையார் பிணங்குவர், பின் இணங்குவர் என்பதை அறிந்த பிள்ளை, வீட்டில் குரல் உயர்ந்த அளவிலே குடும்பம் குலைந்தது என அஞ்சாது, நடுவராகவும் முற்படாது. ஆயின் ஊடல் வேறு, அடித்தல் வேறு. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், நீதவான் நீதிமன்றிலே பாதுகாப்புக் கட்டளை பெற வழி செய்தது. அடி விழும் வீட்டுப் பிள்ளை ஆசிரியரிடம் வாய் திறப்பதும், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் இலக்கத்தை அழைப்பதும் குடும்ப மானத்துக்கு இழுக்கல்ல.

சீதன வினாவை எழுதியவன் அக்காவிடம் பொறாமை கொண்டவன் போலும். 1707 இல் ஒல்லாந்தர் ஆட்சியில் எழுத்துருப் பெற்ற தேசவழமை, உடைமையை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. சீதனக் காணி மணமகளின் உடைமை. மணமகனுக்குக் கொடுத்த விலையன்று. எனினும் 1911 ஆம் ஆண்டுச் சட்டம், அதனை அவள் விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என விதித்தது. தம்பி இதனையும் அறிதல் வேண்டும். வீட்டில் என்ன மிஞ்சும் என்பதோ பெற்றோர் மறையாது சொல்லவேண்டிய கணக்கு.

இன்னொரு சீட்டு இது: அப்பா கனடாவில் இருக்கிறார், தொலைபேசியில் பரீட்சையும் காசும் அன்றி வேறு பேச்சில்லை, அவரோடு எதைப் பேசுவது? இதற்கு விடை கூறத்தக்கவர் ஆசிரியரல்லர். இம்மலரைக் கடல்கடந்து பெற்று வாசிக்கும் பழைய மாணவருள் இத்தகைய தந்தையர் உளர். அடுத்த முறை அழைக்கும்போது, புள்ளிகளை விசாரிக்குமுன், தாம் அவ்வயதில் எந்த வாங்கில் இருந்தோம், எந்த ஆசிரியருக்கு அஞ்சினோம், எந்தப் பாடத்தில் தவறினோம் என்பதை மகனுக்குச் சொல்லிப் பார்க்கலாம்.