இன்னொருவர் முந்திக்கொண்டால் பேப்பரை என்ன செய்வது?

தாம்பரம், பல்லாவரம், குன்றத்தூர் வட்டாரக் கல்லூரிகளில் கணிதத்தில் பிஎச்.டி. செய்யும் பிள்ளைகள் யோசனை கேட்டுத் திருமுடிவாக்கத்தில் என் வீட்டுக்கு வருவதுண்டு. அதிகம் கேட்பது இதைத்தான்: வருடக்கணக்கில் உழைத்து எழுதிய பேப்பர் ஜர்னலிலிருந்து திரும்பிவிட்டது. தப்பு ஒன்றும் இல்லை. கிட்டத்தட்ட இதே தேற்றத்தை வேறொருவர் வெளியிட்டுவிட்டார் என்கிறார் ரெஃபரி. இனி என்ன செய்வது? வருத்தம் என்னவென்றால், கூடப் படிப்பவர் செய்ததையோ வீட்டில் சொன்னதையோ பாதி செய்துவிட்டுத்தான் பலர் வருகிறார்கள்.

நியாயமான வழிகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். மற்றவரின் பேப்பரைக் குறிப்பிட்டு வேறு ஜர்னலுக்கு அனுப்பலாம். தீஸிஸில் ஓர் அத்தியாயமாக வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். அந்த மற்றவருக்கே மெயில் எழுதலாம். 2013-ல் பகா எண்களின் இடைவெளி பற்றி இளைஞர் ஜேம்ஸ் மேனார்ட் கண்ட முறையை, ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த டெரன்ஸ் டாவோவும் தனியாகக் கண்டிருந்தார்; மேனார்டின் பேப்பர் தனியே வரட்டும் என்று டாவோ விலகிக்கொண்டார். அந்தப் பெருந்தன்மை எல்லாரிடமும் இருக்காது. ஆனாலும் மெயில் எழுதிக் கெட்டுப்போனவர் யாரையும் நான் பார்த்ததில்லை. எடிட்டரோடு சண்டை மட்டும் வேண்டாம். ரெஃபரி தவறாகப் படித்திருந்தால், எந்த வரி என்று காட்டி ஒரே ஒரு முறை எழுதுங்கள்.

நான் பயப்படுவது வேறொரு வழிக்கு. காசு கட்டி உடனே போட்டுக்கொள்வது.

சிட்கோ எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் மகளோடு வந்திருந்தார். “சார், இருபத்தஞ்சாயிரம் கட்டினா ஒரே மாசத்துல பேப்பர் வந்துடுமாம். பொண்ணுக்கு வரன் பாக்கறோம், சீக்கிரம் முடிச்சா நல்லது” என்றார். அந்தக் கவலை நியாயமானது. “உங்க பட்டறையில பீஸை மைக்ரோமீட்டர் வெச்சு அளக்காமலே பாஸ் போட்டு அனுப்புவீங்களா ஐயா?” என்று கேட்டேன். அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

அளக்காமல் பாஸ் போடுவதுதான் அந்த ஜர்னல்களில் நடக்கிறது. ரெஃபரி அறிக்கை என்று இரண்டு வரி வரும். நிறுவலை யாரும் படித்திருக்க மாட்டார்கள். கட்டணம் வாங்கும் எல்லா ஜர்னலும் மோசமில்லை, ஒழுங்காகச் சரிபார்த்துவிட்டுக் கட்டணம் கேட்பவையும் உண்டு. ஆனால் ‘ஒரே மாதம்’ என்று முன்கூட்டியே வாக்குக் கொடுப்பவரிடம் போகாதீர்கள். இன்று ஸ்கோபஸ் பட்டியலில் இருக்கும் ஜர்னலின் பெயர் நாளை நீக்கப்படலாம். ஒருமுறை அங்கே வெளிவந்த தேற்றத்தை வேறு நல்ல ஜர்னலுக்கு அனுப்ப முடியாது. எல்லாவற்றையும்விட மோசம் இது: மற்றவரின் பேப்பர் முன்னால் வந்திருக்க, உங்களுடையது எந்தச் சரிபார்ப்பும் இல்லாமல் பின்னால் வந்தால், பார்ப்பவர் நகல் என்றுதான் நினைப்பார். நேர்மையாக உழைத்த பெண்ணுக்கு அந்தப் பெயர் எதற்கு? தீஸிஸ் கொடுக்குமுன் பேப்பர் வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 விதிகளிலேயே எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியே விதி வைத்திருக்கலாம். பணம் கட்டுமுன் அதையாவது விசாரியுங்கள். ஹார்டி-ராமானுஜன் ஜர்னல் போல ஒரு ரூபாயும் கேட்காதவையும் நம் நாட்டில் பிறந்திருக்கின்றன.

நான் எந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையில் ஆறு மாதம் இருந்தால் நிறுவலைத் திரும்ப எழுதுவதே சிறந்தது. ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் முந்திக்கொண்டவரின் நிபந்தனைகள், துணைத்தேற்றங்கள், மாறிலிகள்; வலப்பக்கம் உங்களுடையவை. ‘போதுமான அளவு பெரிய எண்களுக்கு’ என்று அவர் நிறுத்தியிருப்பார். உங்கள் துணைத்தேற்றம் ஒன்று அந்த எல்லையை எண்ணாகவே கொடுத்துக்கொண்டிருக்கும், நீங்களே கவனித்திருக்க மாட்டீர்கள்.

அது சின்ன வித்தியாசம் அல்ல. ஓர் எண்ணை ஒரே படியிலுள்ள எண்களின் (நான்காம் படி, ஆறாம் படி என்பது போல) கூட்டுத்தொகையாக எழுத எத்தனை தேவை என்று கேட்கும் வாரிங் கணக்கில், மிகப் பெரிய எண்களுக்குக் கணிதவியலாளர் வினோகிராதோவ் வழி கண்டிருந்தார். அதை எல்லா எண்களுக்கும் இறக்கிக் கொண்டுவருவதுதான் பாடு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்த எஸ்.எஸ். பிள்ளையும் சிகாகோவின் டிக்சனும் 1936-ல் தனித்தனியே உயர்ந்த படிகளுக்கு அதைச் செய்தார்கள். டிக்சன் பெயரெடுத்த பெரியவர். பிள்ளை குற்றாலம் பக்கத்து வல்லத்துக்காரர். பிள்ளை அங்கே நின்றுவிடவில்லை. பிடிகொடுக்காத ஆறாம் படியை எடுத்து, 73 போதும் என்று 1940-ல் நிறுவினார். நான்காம் படிக்கு 19 என்ற விடை 1986 வரை காத்திருந்தது. அதை முடித்த மூவரில் ஒருவர், பின்னாளில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரான ஆர். பாலசுப்பிரமணியன்.

இன்னொருவர் முந்திக்கொள்வது ராமானுஜனுக்கே நடந்தது. தாம் கண்டு, நிறுவ முடியாமல் வைத்திருந்த இரண்டு சமன்பாடுகளை, எல்.ஜே. ராஜர்ஸ் 1894-லேயே நிறுவியிருப்பதை 1917-ல் பழைய இதழ்களைப் புரட்டும்போது பார்த்தார். இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். எளிய புதிய நிறுவல்கள் பிறந்தன, 1919-ல் இருவர் பெயரிலும் வெளிவந்தன. மறந்துபோயிருந்த ராஜர்ஸுக்கும் அதனால் வெளிச்சம் கிடைத்தது.

ஆறு மாதம் எடுத்துத் திரும்ப எழுதுவது எல்லாருக்கும் ஒத்துவராது. பலர் ஓடும் சூடான கேள்விகளில் வேகம் வேண்டும். மெதுவாக, ஆழமாக யோசிக்கும் பிள்ளைகள் அங்கே போய் அடிபட்டு, தமக்குக் கணிதமே வராது என்று நம்பிவிடுகிறார்கள். தலைப்பை ஃபேஷன் பார்த்து எடுக்காதீர்கள். எந்த வகைக் கணக்கில் நேரம் போவது தெரியாமல் உட்காருகிறீர்களோ அதை எடுங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: ஆறு மாதம் பொறுங்கள், பிள்ளை அந்த நேரத்தை வீணாக்கவில்லை.

திரும்ப எழுதும்போது முன்னுரையின் முதல் பக்கத்திலேயே மற்றவர் பெயரைச் சொல்லுங்கள். அவர் எதை நிறுவினார், உங்கள் வழி எங்கே பிரிகிறது, எது கூடுதல் என்று மூன்று வாக்கியம் போதும். அனுப்பும் அன்றே ஆர்கைவ் (arXiv) தளத்திலும் ஏற்றிவிடுங்கள். தேதி அதில் பதிவாகிவிடும். இன்னொரு முறை யார் முதலில் என்ற கேள்வி வந்தால் காட்ட அது இருக்கும்.