தொழில் முன்மொழிவு: வினையும் நடையும்

நுழையும்முன்

தொழில்திறன் கையில் இருந்தும், அதனை எடுத்துரைக்கும் சொல் வாய்க்காமையால் வாய்ப்பை இழப்போர் பலர். வங்கி மேலாளர் நம் தொழிற்கூடத்தைக் காணுமுன் நம் எழுத்தையே காண்கிறார். ஆதலின், தொழில் முன்மொழிவுக்கு உரிய மொழிநடையை அறிதல் இன்றியமையாதது.

செய்வினையும் செயப்பாட்டுவினையும்

இரண்டு தையல் பொறிகளைக் கொண்டு பள்ளிச் சீருடை தைக்கும் பெண் ஒருவர், ரூ.1,20,000 கடன் வேண்டுவதாகக் கொள்வோம். அவர் முதலில் எழுதியது:

"தையல் துறையில் ஈடிணையற்ற சேவை வழங்கப்பட்டு வருகிறது. தரமான ஆடைகள் விரைவில் தைத்துத் தரப்படும்."

தைப்பவர் யார்? எத்தனை? எந்நாளுக்குள்? இவ்வினாக்களுக்கு இதில் விடை இல்லை. அவரே திருத்தி எழுதியது:

"நான் ஆறு ஆண்டுகளாகச் சீருடை தைத்து வருகிறேன். இரண்டு பொறிகளில் நாளொன்றுக்கு 12 சட்டைகள் தைக்கிறோம். மேலும் மூன்று பொறிகள் வாங்கி, மூவரைப் பணியமர்த்தினால் 30 சட்டைகள் தைப்போம். பொறிகளுக்கு ரூ.75,000, துணிக்கும் நூலுக்கும் ரூ.45,000 தேவை."

செய்வினை, செய்பவரை முன்னிறுத்துகிறது. எண்கள் அவர் கூற்றுக்குச் சான்றாகின்றன.

செயப்பாட்டுவினையை முற்றிலும் விலக்க வேண்டுவதில்லை. 'விலைப்புள்ளிகள் இணைக்கப்பட்டுள்ளன' என்பதில் செய்தவரைக் கூறத் தேவையில்லை. ஆனால், 'கடன் திருப்பிச் செலுத்தப்படும்' என்று எழுதினால் உறுதிமொழிக்கு உரியவர் மறைந்துவிடுகிறார். 'மாதந்தோறும் தவணையை நான் செலுத்துவேன்' என்பதே நம்பிக்கை தரும்.

இரத்தலும் தற்புகழ்ச்சியும்

'மனமிரங்கி உதவுக' என்பது இரத்தல்; 'எமக்கு நிகர் எவருமில்லை' என்பது தற்புகழ்ச்சி. கடன் என்பது ஈகையன்று. இருவர் செய்துகொள்ளும் உடன்பாடு. ஆகவே, பணிவும் பெருமிதமும் அளவோடு அமைதல் வேண்டும்.

படிப்பவரை அறிதலும் தேவை. வங்கி மேலாளர் வரவு செலவை நோக்குவார். சீருடை வாங்கும் தலைமையாசிரியரோ துணியின் தரத்தையும் ஒப்படைக்கும் நாளையும் நோக்குவார். தொழில் ஒன்றே ஆயினும் முன்மொழிவு இரண்டாகும்.

தெரியுமா?

சிறுதொழில் முனைவோருக்கான முத்ரா கடன் திட்டம் 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பட்டது. இதில் ரூ.50,000 வரையிலான கடன் 'சிசு' எனவும், அதற்கு மேல் ரூ.5 இலட்சம் வரையிலான கடன் 'கிஷோர்' எனவும் வழங்கப்பெறும்.

கற்பவை கற்றபின்...

1. "எங்கள் நிறுவனத்தால் சுவையான தின்பண்டங்கள் தயாரிக்கப்படுகின்றன" – இத்தொடரைச் செய்வினையாக மாற்றி, தேவையான விவரங்களைச் சேர்த்து எழுதுக.
2. உங்கள் ஊரில் நடைபெறும் தொழில் ஒன்றினை நேரில் கண்டு, அதற்கு ஒரு பக்க அளவில் கடன் முன்மொழிவு எழுதுக.