ஜீப்புக்குப் பின்னாலே ஜோடி டயரா?



கீரிப்பாறை ரோட்டில் தினமும் பார்க்கிறோம். தடி ஏற்றும் லாரிக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர், ஜீப்புக்கு ஒன்றே ஒன்று. எங்க சித்தப்பாவிடம் ஒரு பழைய மகிந்திரா ஃபோர் வீல் ஜீப் இருக்கிறது. பின்பக்கத்தைத் திறந்த பெட்டியாக்கி ஒட்டுப்பால் மூட்டை ஏற்றுகிறார். ஜோடி டயர் போட்டால் இன்னும் பத்து மூட்டை ஏற்றலாம் என்று அவருக்கு ஆசை. பழைய ரிம் இரண்டு வாங்கியும் வந்துவிட்டார். "கம்பெனியே அப்படிப் போட்டிருக்கு மக்ளே, வேணும்னா படிச்சுப் பாரு" என்றார். பால் வெட்டு முடிந்து எங்க அம்மா வீட்டுக்கு வருவது அந்த மூட்டைகள் மேல் உட்கார்ந்துதான். அதனால் படித்துப் பார்த்தேன்.

சித்தப்பா சொன்னது பொய் இல்லை. அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1957-இல் எஃப்.சி.170 என்ற ஜீப் டிரக்கைக் கொண்டு வந்தது. மூக்கு இல்லாத வண்டி, டிரைவர் என்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்காருவார். ஃபோர் வீல்தான். அதில் ஒரு வகைக்குத் தொழிற்சாலையிலேயே ஜோடி டயர் போட்டு வந்தது. அதன் தம்பி எஃப்.சி.150-ஐ மகிந்திராவும் நம் நாட்டில் தயாரித்தது. ஆனால் ஜோடி டயர் போட்டவர்கள் டயரை மட்டும் கூட்டவில்லை. பின் ஆக்சிலையே தடித்த ஆக்சிலாக மாற்றினார்கள். சித்தப்பா இதைச் சொல்லவில்லை!

கணக்குப் போடுவோம். பின்பக்கம் 1,600 கிலோ பாரம் என்று வையுங்கள். இரண்டு டயர் என்றால் ஒன்றுக்கு 800 கிலோ. நான்கு என்றால் 400 கிலோ. டயருக்குச் சுகம். ஆக்சிலுக்கு? அதே 1,600 கிலோதான். பட்டைக்கும் பிரேக்குக்கும் அப்படியே. பத்து மூட்டை கூடினால் அவையும் கூடுதலாகச் சுமக்கணும்.

அப்போ மலைக்குப் போகும் ஜீப்புக்கு ஏன் ஒற்றை டயர்? மழைக்காலத்தில் எஸ்டேட் பாதையைப் பார்த்தால் தெரியும். முன் டயர் சகதியில் ஒரு தடம் வெட்டும், பின் டயர் அதே தடத்தில் வரும். ஜோடி டயர் அகலம், அந்தத் தடத்துக்குள் அடங்காது. புதிதாகச் சகதியைத் தள்ளிக்கொண்டு வரணும். இரண்டு டயருக்கும் நடுவில் கல் மாட்டினால் டயரையே கிழித்துவிடும்.

இன்னொரு விஷயம் எனக்கே ஆச்சரியம். ஜோடியில் இரண்டும் ஒரே அளவாக இருக்கணும். தடி லாரி டிரைவர் அண்ணனிடம் கேட்டு, ஒரு ஜோடியைச் சணல் கயிறு சுற்றி அளந்தேன். உள் டயர் 320 செ.மீ., வெளி டயர் தேய்ந்து 316 செ.மீ. வெறும் 4 செ.மீ. தானே என்று நினைத்தேன். ஆனால் இரண்டும் ஒன்றாக முடுக்கியிருப்பதால் ஒரே எண்ணிக்கையில்தான் சுற்றும். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 312 சுற்று. 312-ஐ 4-ஆல் பெருக்கினால் 1,248 செ.மீ. அதாவது கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு மீட்டர் வித்தியாசம்! அதை ஒரு டயர் உரசித்தான் தீர்க்கணும். உள் டயரில் காற்று போனால் வெளியே தெரியாது. அதனால்தான் கிளீனர் அண்ணன்கள் கம்பியால் டயரைத் தட்டிச் சத்தம் கேட்கிறார்கள். நான் இத்தனை நாள் சும்மா விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

மேலும், ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்கிறது.

இதையெல்லாம் நோட்டில் எழுதி சித்தப்பாவிடம் காட்டினேன். கணக்கை இரண்டு தடவை பார்த்தார். "பன்னிரண்டு மீட்டரா?" என்று மட்டும் கேட்டார். ரிம் இரண்டும் இன்னும் தென்னை மூட்டில்தான் சாய்ந்து கிடக்கின்றன. ஒன்றில் எங்க கோழி அடை இருக்கிறது.