கண்ணுக்குள்ளேயா ஊசி?

கண்புரை முற்றிய பெரியவர்கள் பலர் என்னிடம் வருவது, ஆபரேஷன் இல்லாமல் சொட்டு மருந்திலேயே தீருமா என்று கேட்கத்தான். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் உண்மை வெளியே வரும்: "கண்ணுல ஊசி குத்துவாங்களாமே ஐயா!"

சித்த மருத்துவனாகவே சொல்கிறேன். புரையைக் கரைப்பதாக நிரூபிக்கப்பட்ட சொட்டு மருந்து எங்களிடமும் இல்லை, அலோபதியிலும் இல்லை. ஆபரேஷன்தான் வழி. பயந்து தள்ளிப்போட்டால், முற்றிய புரை கண்ணின் அழுத்தத்தை ஏற்றி, பார்வையை நிரந்தரமாகவே பறித்துவிடலாம்.

சரி, ஊசிக்கு வருவோம். அது விழிக்குள் போவதில்லை. விழிக்கும் அதைச் சுற்றியுள்ள எலும்புக் குழிக்கும் நடுவே, பெரும்பாலும் கீழ் இமை ஓரமாக, லிக்னோகெயின் போன்ற மருந்தைச் செலுத்துவார்கள். பல் பிடுங்கும்போது போடுகிறார்களே, அதே வகைதான். வலிச் செய்தி நரம்பு வழியே மூளைக்குப் போகாமல் தற்காலிகமாகத் தடுக்கும். குத்தும்போது சுருக்கென்று இருக்கும், கொஞ்சம் அழுத்தம் தெரியும். சில நிமிடங்களில் கண் மரத்து, விழி அசையாமல் நின்றுவிடும். பார்வையும் மங்கும். "கண்ணு போச்சே!" என்று பதறாதீர்கள், மருந்தின் வேகம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும்.

இப்போது பலருக்கு அந்த ஊசியும் வேண்டியதில்லை, மரத்துப்போகும் சொட்டு மருந்தே போதும். இதன் முன்னோடி 1884-ல் வியன்னாவில் கார்ல் கொல்லர் பயன்படுத்திய கோகெயின் சொட்டு. அதற்கு முன் ஈதர், குளோரோபார்ம் கொடுத்தால், பிறகு வரும் வாந்தியே ஆபரேஷன் செய்த கண்ணைக் கெடுத்துவிடும். சொட்டு மட்டும் விட்டால் விழி அசையும், வெளிச்சமும் தெரியும். அதனால் டாக்டர் பார்க்கச் சொன்ன இடத்தையே பார்க்க வேண்டும். இருமல் வந்தால் தலையை ஆட்டாமல் வாயால் சொல்லுங்கள்.

அசையாமல் படுக்க முடியாத குழந்தைகளுக்கும், கை, தலை நடுக்கம் அதிகமுள்ளவர்களுக்கும் முழு மயக்கம் தேவைப்படலாம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுமா, காது மந்தமா, முன்பு மரப்பு ஊசி ஒத்துக்கொள்ளவில்லையா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். நாட்டு மருந்துதானே என்று சூரணம், லேகியத்தை மறைக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. கண் உறுத்துகிறது என்று மரப்புச் சொட்டை வாங்கி வந்து வீட்டில் விடாதீர்கள். அப்போதைக்குச் சுகமாக இருக்கும். தொடர்ந்து விட்டால் கருவிழியில் புண் வந்துவிடும். ஆபரேஷன் ஆன கண்ணில் தாய்ப்பால், இலைச்சாறு எதுவும் கூடாது.