கே.எச். ரோடு

ஈஜிபுராவில் தமிழ் பேசும் மக்கள் பலர் வாழ்கிறார்கள். வேலைக்காக பெங்களூர் முழுவதும் போய் வருகிறார்கள். சாந்திநகர் பஸ் நிலையம் அவர்களுக்குத் தெரிந்த இடம். அது இருக்கும் சாலையின் பெயர் கே.எச். ரோடு. டபுள் ரோடு என்றும் சொல்வார்கள்.

கே.எச். என்பது யார்? கெங்கல் அனுமந்தையா.

அனுமந்தையா 1908இல் ராமநகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். மைசூரில் பட்டம் பெற்றார். பூனாவில் சட்டம் படித்தார். பெங்களூரில் வக்கீல் ஆனார்.

அப்போது மைசூரை மகாராஜா ஆண்டார். மக்களுக்குப் பதில் சொல்லும் அரசு வேண்டும் என்று மக்கள் போராடினார்கள். அனுமந்தையாவும் போராடினார். பலமுறை சிறைக்குப் போனார். 1947 அக்டோபரில் போராட்டம் வென்றது. கே.சி. ரெட்டி முதலமைச்சர் ஆனார்.

பிறகு டெல்லியில் நாட்டின் அரசியல் சட்டத்தை எழுதிய சபையில் அனுமந்தையா உறுப்பினராக இருந்தார். 1952இல் மைசூர் மாநில முதலமைச்சர் ஆனார்.

சட்டசபைக்கு ஒரு கட்டடம் தேவைப்பட்டது. 1951இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டியிருந்தார். முதலில் போட்ட திட்டம் சிறியது. அனுமந்தையா அதை மாற்றினார். நம் நாட்டுக் கோயில், அரண்மனைகளின் அழகு அதில் தெரிய வேண்டும் என்றார். பொறியாளர் பி.ஆர். மாணிக்கம் வரைபடம் போட்டார். ஆயிரக்கணக்கானவர்கள் கல் உடைத்தார்கள், செதுக்கினார்கள், சுமந்தார்கள். சிறைக் கைதிகளும் வேலை செய்தார்கள். அதுதான் விதான சௌதா. 'இவ்வளவு செலவா?' என்று கண்டித்தவர்களும் உண்டு.

அக்காலத்தில் கன்னடம் பேசும் ஊர்கள் பல மாநிலங்களில் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒன்று சேர்க்க வேண்டும் என்று கோரிக்கை எழுந்தது. பழைய மைசூரில் பலருக்கு அதில் விருப்பம் இல்லை. அனுமந்தையா இணைப்பை ஆதரித்தார். சொந்தக் கட்சியிலேயே அவருக்கு ஆதரவு குறைந்தது. 1956 ஆகஸ்டில் பதவியை விட்டார். அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி புதிய மாநிலம் பிறந்தது. அப்போது முதலமைச்சர் நிஜலிங்கப்பா. 1973இல் அந்த மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் வந்தது.

பதவி போனாலும் அனுமந்தையா ஓயவில்லை. பெங்களூரின் எம்.பி. ஆனார். அரசு நிர்வாகத்தைச் சீர்திருத்த அமைத்த ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார். 1967இல் அதன் தலைவர் ஆனார். அதிகாரிகள் மீது சாதாரண மக்கள் புகார் கொடுக்க லோகாயுக்தா வேண்டும் என்று அந்த ஆணையம் 1966இல் சொன்னது. கர்நாடகத்தில் 1984இல் அதற்குச் சட்டம் வந்தது. அனுமந்தையா அதைப் பார்க்கவில்லை. 1980இல் இறந்து போனார்.

விதான சௌதாவின் முகப்பில் அவர் எழுத வைத்த வாசகம் இன்றும் இருக்கிறது. 'அரசின் வேலை கடவுளின் வேலை' என்பது அதன் பொருள். அரசு வேலை சரியாக நடக்கிறதா என்று கேட்க வேண்டியவர்கள் மக்கள். ரேஷன் கார்டு தாமதமாகிறதா? முதியோர் பென்ஷன் வரவில்லையா? மனு எழுதுங்கள். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மனு கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள். பதில் வரும் வரை விடாதீர்கள்.

யோசித்துச் சொல்லுங்கள்:
1. அனுமந்தையா ஏன் சிறைக்குப் போனார்?
2. அவருக்குக் கட்சியில் ஆதரவு குறைந்தது ஏன்?
3. உங்கள் தெருவுக்கு என்ன குறை? அதற்கு ஒரு மனு எழுதுங்கள்.