சிவில் படியுங்கள், ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள்

ஸ்ரீமுஷ்ணம், காட்டுமன்னார்கோயில் பக்கம் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு எடுத்த எடுப்பிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இன்ஜினியரிங் கவுன்சிலிங் முடியும்வரை ஒரிஜினல் சான்றிதழ்களை யார் கையிலும் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எப்படியும் உங்கள் வீட்டுக்கு ஒரு சித்தப்பா வருவார். எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஒரு புரோக்கரையும் கூட்டிக்கொண்டு வந்தார். "அண்ணே, சிவில்ல ஒரு சீட்டு பேசி வச்சிருக்கேன். இன்னிக்கே அட்வான்ஸ் போட்டாத்தான் நிக்கும்." அப்பா கொத்தனார். படித்த தம்பி சொன்னால் மறுபேச்சு பேசமாட்டார். என் டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாம் அட்வான்ஸ் பணத்தோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் போய்விட்டன. "கவுன்சிலிங்குக்கும் அப்ளிகேஷன் போட்டிருக்கேன் சித்தப்பா" என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

கவுன்சிலிங் அழைப்பு வந்தது. அப்போதெல்லாம் சென்னைக்கு, அண்ணா பல்கலைக்கழகத்துக்கே நேரில் போகவேண்டும். சான்றிதழைக் கேட்டுக் கல்லூரிக்குப் போனால், "நாலு வருஷ பீஸையும் கட்டிட்டு வாங்கிட்டுப் போங்க" என்றார்கள். வேறு வழியில்லாமல் அங்கேயே சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான். ஆனால் முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தவர்களுக்குத்தான் உண்டு, மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. புரோக்கருக்கு இது தெரியும், சித்தப்பா கேட்கவில்லை. பீஸுக்கு வாங்கிய கடனை அப்பா சாரத்தில் நின்று அடைத்தார். பெரும்பாலான கல்லூரிகளில் கடைசி நாள்வரை காத்தாடும் சிவில் சீட்டுக்கு, இன்றைக்கே அட்வான்ஸ் போட என்ன அவசரம் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி எந்தக் கல்லூரியும் ஒரிஜினலைப் பிடித்துவைக்கக் கூடாது. குறிப்பிட்ட தேதிக்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் கழிக்கவும் கூடாது. இதை அன்றைக்கு எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. நீங்கள் சொல்லிக் கேளுங்கள், முடிந்தால் எழுதியே கொடுங்கள்.

இப்போது வேலை சுலபம். 2018 முதல் கவுன்சிலிங் ஆன்லைனில்தான். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்ஆஃப். சாதி, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கு ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 2021-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் கிடைத்தால் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. சாய்ஸ் நிரப்பும்போது கஞ்சத்தனம் வேண்டாம். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு எட்டாத கல்லூரிகூட சிவிலுக்கு எட்டும். கல்லூரியைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள்.

பத்தாவதோடு பாலிடெக்னிக் போனவர்கள் டிப்ளமோ முடித்து நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். "டிப்ளமோவா?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். சைட்டில் என்னைவிட நன்றாக டிராயிங் படித்தவர்கள் அவர்கள்தான்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் தொடங்கியது. "தமிழ்ல இன்ஜினியரிங் படிச்சா எவன் வேலை குடுப்பான்?" என்றார் அதே சித்தப்பா. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் தனியாக இருக்கிறது. பள்ளியிலிருந்து பட்டம்வரை முழுக்கத் தமிழ்வழி என்றால்தான் செல்லும். பிளஸ் டூ வரை தமிழில் படித்த நான், கல்லூரியில் அதைக் கோட்டைவிட்டேன்.

சிவிலுக்கு வேலை இல்லை என்பவர்களைக் கீழணைக்குக் கூட்டிப்போங்கள். 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டியது. வீராணத்துக்கு வடவாறு வழியாக இன்றும் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. அந்த வீராணத்துத் தண்ணீர் 2004 முதல் குழாயில் சென்னைவரை போகிறது. சேத்தியாத்தோப்பு வழியாகப் போகும் நாலுவழிச் சாலையும் சிவில் வேலைதான். நீர்வளம், நெடுஞ்சாலை, ஊரக வளர்ச்சித் துறைகளின் உதவிப் பொறியாளர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு உண்டு. அதில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் வாங்காவிட்டால் பாடத்தாளில் எவ்வளவு எழுதியும் பயனில்லை. கேட் தேர்வை இறுதியாண்டிலேயே எழுதிவிடுங்கள். ஊரிலேயே பிளான், எஸ்டிமேட் போட்டும் பிழைக்கலாம். 2024-இல் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் வீடும் என்றால் உடனே அனுமதி கிடைக்கிறது. அதற்கும் ஒருவர் வரைந்துதானே ஆகவேண்டும்?

ஆட்டோகேட் எல்லாரும் படிக்கிறார்கள். நீங்கள் லீவில் சைட்டுக்குப் போங்கள். என் முதல் தளக் காங்கிரீட் அன்று, கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இல்லை. உடைந்த ஜல்லியை முட்டுக்கொடுத்திருந்தார்கள்; பாதிக் கம்பி சென்ட்ரிங் தகட்டிலேயே படுத்திருந்தது. "பாப்பா, காலங்காலமா இப்படித்தான் போடுறோம்" என்றார் மேஸ்திரி. தளத்துக்கு 20 மில்லிமீட்டராவது கவர் வேண்டும், இல்லாவிட்டால் கம்பி துருப்பிடித்துக் காரை பெயரும் என்றேன். கவர் பிளாக் வந்து சேரும்வரை மிக்சரை ஓடவிடவில்லை. சிறுவயதில் அப்பாவோடு போய்ப் பார்த்த பழக்கம்தான் அந்தத் தைரியத்தைக் கொடுத்தது.

ஆரம்பச் சம்பளம் குறைவுதான், அதை மறைக்கமாட்டேன். பெண்களுக்கு மட்டும் ஒன்று: சம்பளம் பேசும்போதே சைட்டில் கழிப்பறை இருக்கிறதா என்று கேளுங்கள். நான் கேட்டபோது கான்ட்ராக்டர் முகத்தைச் சுளித்தார். ஆனால் தகரக் கொட்டகை ஒன்று எழும்பியது. எனக்கு முன்பே அங்கே வேலைபார்த்த சித்தாள் பெண்களும் அதற்கப்புறம்தான் முள்ளுக்காட்டைத் தேடுவதை விட்டார்கள்.